தைத்து மூடிய விடைகள்

செய்தி வந்தபோது காலை பத்தேகால் மணி. ஒன்பதாம் வகுப்புக்கு, வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பியூன் குருநாதன் வாசலில் நின்று செருமினார்.

"டீச்சர், மூஞ்சிக்கல்லுல இருக்குற ஜோசப்பினம்மா தவறிட்டாங்களாம். வெள்ளனே அஞ்சு மணிக்கு. அவங்க தம்பி சொல்லிவிட்டிருக்காரு."

ஒரு தொடுகோடு வரைந்தாகியிருந்தது. இரண்டாவதையும் வரைந்து, புள்ளிகளுக்குப் பெயரிட்டு, பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். 1966 நவம்பர் பதினாறு, புதன்கிழமை. மஞ்சு இறங்கி ஏரி தெரியவில்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாளாகக் கிடந்தாள். பேசினால் மூச்சு வாங்கியது. அப்படியும் பேசினாள்.

"டீச்சர், எம் பெட்டி வீட்டுல கெடக்கு. நான் எந்திரிச்சு வந்து எடுத்துத் தர்றேன். நீங்களாத் தொறக்காதீங்க."

"உங்க பெட்டியை நான் எதுக்குக்கா தொறக்கப் போறேன்?"

"அதுக்கில்ல. சும்மா சொன்னேன்."

ஜோசப்பின் அக்கா எனக்கு உறவு இல்லை. நான் பாலசமுத்திரத்துக்காரி. அவள் பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் பிறந்தவள். தகப்பனார் ஒரு மிஷன் பங்களாவில் சமையலுக்கு வந்தபோது பத்து வயதில் கோடைக்கானலுக்கு ஏறி வந்தாள். எட்டாவது வரை படித்தாள். பத்தொன்பது வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் லைப்ரரியில் தூசி தட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மதுரையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பைண்டர் வந்து கிழிந்த புத்தகங்களைத் தைத்துவிட்டுப் போவார். மூன்றாவது வருஷம் அவர் வரவில்லை. அக்கா ஊசியை எடுத்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கடைசிவரை அதுதான் அவள் வேலை. எங்கள் ஊர் ஈரத்தில் புத்தகம் ஆறு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், தையல் இற்றுப் போகும். லைப்ரரிக்குப் பின்னால் ஒரு சிறு அறையில் அவள் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருப்பாள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பாள். அதனால் அவள் கட்டைவிரல் எப்போதும் லேசான நீலமாக இருக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பரமானந்தம் குடும்பத்தோடு இருந்தாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். நான் அவளை அக்கா என்றேன், அவள் என்னை டீச்சர் என்றாள். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான்.

அவளை நான் சந்தித்தது ஒரு சேலில். மிஷன் குடும்பங்கள் நீண்ட விடுப்பில் தங்கள் நாட்டுக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். கட்டில், இரும்புச் சட்டி, பிள்ளைகளின் மழைக்கோட்டு எல்லாவற்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புத்தகங்களுக்கு மட்டும் தனித்தனிச் சீட்டு கிடையாது. உயரம் பார்த்து அடுக்கி, சணலால் கட்டி, கட்டுக்கு ஒரு விலை சொல்வார்கள்.

1954 ஜூன் மாதம். நான் பி.ஏ. கணிதமும் ஆசிரியப் பயிற்சிக்கான பி.டி.யும் முடித்து, இங்கே தமிழ்ப் பெண்கள் பள்ளியில் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பாடப்புத்தகக் கணக்கில் தொட்டி நிரம்பும், வட்டி ஏறும், இரண்டு ரயில் எதிரெதிரே வரும். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லூரியில் நான் போட்ட கணக்குகளில் சிரித்துக்கொண்டே போட்டது என்று ஒன்றுகூட எனக்கே நினைவில்லை. விளையாட்டாகத் தொடங்கி யோசிக்க வைக்கிற புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்றுதான் அந்த சேலுக்குப் போனேன். ஒரு புத்தகக் கட்டுக்குள், ரொட்டி சுடும் புத்தகத்துக்கும் ரோஜா வளர்க்கும் புத்தகத்துக்கும் நடுவே, முதுகில் தவளை வரைந்த ஒல்லியான நீலப் புத்தகம் தெரிந்தது. குனிந்தேன். அதற்குள் ஒரு கை சணலைப் பிடித்திருந்தது.

"இது எனக்குங்க."

"நானும் இதைத்தான் எடுக்க வந்தேன்."

"நீங்க எதுக்கு, படிக்கவா?"

"பின்னே புத்தகத்தை எதுக்கு எடுப்பாங்க?"

"எனக்கு அட்டை வேணும். லைப்ரரியில இருபது புஸ்தகம் அட்டையில்லாமக் கெடக்கு. இந்த ரோசாப்பூ அட்டை நல்ல கெட்டி."

"அட்டையை எடுத்துட்டு உள்ளே இருக்கறதை என்ன பண்ணுவீங்க?"

"பசை பூசுறப்ப அடியில விரிச்சுக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அட்டை அவளுக்கு, உள்ளே இருப்பது எனக்கு என்று பேசிக்கொண்டோம். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

சனிக்கிழமை போனபோது தவளைப் புத்தகத்துக்குக் காடாத் துணியில் புது அட்டை போட்டு வைத்திருந்தாள்.

"இது நல்ல புஸ்தகம் டீச்சர். விட்றாதீங்க."

"படிச்சீங்களா?"

"எனக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் அழுக்கப் பார்த்தேன்."

அது என்ன என்று கேட்டேன். புத்தகத்தை மூடி, பக்கங்களின் ஓரத்தை வெளிச்சத்தில் காட்டினாள். ஆசையாக வாங்கி அலுத்துப்போன புத்தகத்தில் முதல் முப்பது பக்கம்தான் அழுக்காக இருக்குமாம், மீதி வெள்ளையாக இருக்கும். பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும். பிடித்துப் படித்த புத்தகத்தில் மட்டும் அழுக்கு ஒரே சீராகக் கடைசிவரை போகும். நடுவில் டீ சிந்தியிருக்கும், பிஸ்கட் தூள் கிடக்கும். தவளைப் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் ஜாம் ஒட்டியிருந்தது.

"யாரோ திங்குறதக்கூட மறந்து படிச்சிருக்காங்க பாருங்க" என்றாள்.

நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சரியான வழியை நான் இன்றுவரை அறியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் எடுத்த எட்டுப் புத்தகங்களையும் அப்படித்தான் எடுத்தோம். ஒவ்வொரு சேலிலும் நான் தலைப்பைப் பார்ப்பேன், அவள் ஓரத்தைப் பார்ப்பாள். தலைப்பு பிரமாதமாக இருந்த எத்தனையோ புத்தகங்களை "முப்பதோட நின்னுருச்சு டீச்சர், வேண்டாம்" என்று தள்ளிவிட்டாள். பிறகு எங்காவது அவற்றைப் பார்க்க நேர்ந்தபோது அவள் தள்ளியது சரி என்றுதான் தோன்றியது.

அந்த வகைக் கணக்குக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணுவது, வரிசையாக வைப்பது, இப்படிச் செய்ய முடியுமா முடியாதா என்று காட்டுவது. மூன்று தவளை இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம், நடுவில் ஒரு கல் காலி, எத்தனை தாவலில் இடம் மாறும்? இதற்குச் சூத்திரம் தெரிய வேண்டாம், காகிதமும் பொறுமையும் போதும். நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். சனிக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை அதுவே எங்கள் சோலி ஆயிற்று. அங்கே ருசித்ததைத் திங்கட்கிழமை வகுப்புக்கு எடுத்துப் போவேன். கொட்டாவி நின்றது.

விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருந்தன. எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் விரல் தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். அதைச் சொன்னேன்.

"அம்புட்டுத்தான? தச்சு மூடிருவோம்" என்றாள்.

பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பைப் பைண்டர்கள் பாரம் என்பார்கள். விடைகள் இருந்த கடைசிப் பாரத்தைத் தனியே பிரித்தெடுத்து, திறந்திருக்கும் மூன்று பக்கத்தையும் சிவப்பு நூலால் தைத்தாள். முடிச்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அதில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். புத்தகத்தின் எல்லாக் கணக்கும் முடிந்த பிறகே அறுப்பது என்று பேச்சு. பாரம் அவளிடமே இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அப்படியே செய்தோம்.

முதல் சில மாதங்கள் கணக்குகளை நான்தான் முடித்தேன். அக்கா தலையாட்டுவாள். மழைக்காலம் முடிவதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஒரு கணக்கை எடுத்து ஒரு வாரம் போராடிவிட்டு வருவேன். அவள் நிமிர்ந்தும் பார்க்காமல், ஊசியில் நூலை இழுத்துக்கொண்டே ஒரு வரி சொல்வாள். அந்த ஒரு வரியில் பூட்டு திறந்துவிடும்.

"பி.ஏ. படிச்ச புள்ளைக்கு ஒரு வாரம் பத்தலையா?"

"எட்டாவதுல உங்களுக்கு என்னக்கா சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதான் தலை காலியாக் கெடக்கு. போட்டதெல்லாம் உள்ள போகுது."

இப்போது யோசித்தால் தெரிகிறது. அதே கணக்கில் எண்ணை மாற்றி, "மூணு தவளைக்குப் பதிலா நாலு இருந்தா?" என்று நான் கேட்டால் அவள் பசைச் சட்டியைக் கிண்டப் போய்விடுவாள். "அத நீங்க பாத்துக்கங்க டீச்சர்" என்பாள். பெரிய வேலையை அவள் முடித்துவிட்டு மிச்சத்தை எனக்கு விட்டுத் தருகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

1957 ஜூன் மாதம். சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. கணிதத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் போட்டதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் மல்லுக்கட்டி, அம்மா சொல்லி, கடைசியில் சரி என்றிருந்தார். வருகிறேன் என்று ஒரு வாரத்துக்குள் கல்லூரிக்கு எழுத வேண்டும்.

அதே சமயம் ஒரு கணக்கில் ஒரு மாதமாக மாட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு கூட்டத்தில் பத்துப் பேர். சிலருக்குச் சிலரைத் தெரியும், தெரிந்தால் இருவருக்கும் தெரியும். எப்படிப்பட்ட கூட்டமாக இருந்தாலும், அதில் இரண்டு பேருக்காவது தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றாகத்தான் இருக்கும். ஏன்? ஏரியைச் சுற்றி நடக்கும்போதும், காய்கறிச் சந்தையிலும், விடைத்தாள் திருத்தும்போதும் அதே நினைப்பு. நோட்டு முழுக்கப் பத்துப் புள்ளிகளும் கோடுகளும். ஒன்றும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை போனேன். அக்கா அடுப்பில் பசை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"யாரையுமே தெரியாதவன் ஒருத்தன் அங்க நின்னா, எல்லாரையும் தெரிஞ்சவன்னு இன்னொருத்தன் இருக்க முடியாதுல்ல?"

அவ்வளவுதான். ஒருவருக்குத் தெரிந்தவர்கள் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எத்தனை பேராகவும் இருக்கலாம், பத்து எண்கள். ஆனால் பூஜ்யமும் ஒன்பதும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து வர முடியாது. ஆகவே ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட ஒன்பது எண்களே மிஞ்சும். ஆட்களோ பத்துப் பேர். எப்படியும் இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தாக வேண்டும். அடுக்களையில் தேடிய கரண்டி கையிலேயே இருந்தது மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் எம்.ஏ.க்குப் போகலை."

"ஏன், அப்பா ஏதும் சொன்னாரா?"

"அவர் சொல்லலை. நீங்க எட்டாவது. நான் நாலு வருஷம் இதையே படிச்சவ. ஒரு மாசமா எனக்கு வராதது உங்களுக்குப் பசை கிண்டுறப்போ வருது. நான் போய் அங்கே என்ன பண்ண?"

கரண்டி நின்றது. "அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?"

"இதுக்குன்னு ஒரு தலை வேணும்ல. அது எனக்கு இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"உங்களுக்கு இருக்கு டீச்சர்."

"இருந்தா ஒரு மாசம் ஆகுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்பது இப்போது என் கற்பனையாகவும் இருக்கலாம். பசை அடிப்பிடித்துக் கருகிய வாடை வந்தது. சட்டியை இறக்கி, சுரண்டிக் கொட்டிவிட்டு, புதிதாக மாவு கரைத்தாள்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு மறுத்து எழுதினேன். ஊருக்குப் போய்ச் சொன்னபோது அப்பா மூச்சை விட்ட விதத்திலேயே அவருடைய நிம்மதி தெரிந்தது.

நான் அழவோ புழுங்கவோ இல்லை. ஒரு அபூர்வமான மூளைக்குப் பக்கத்தில் உட்கார வாய்த்ததே என்று இருந்தேன். தலைமையாசிரியையிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். ஊருக்குப் போனால் தம்பிகளிடம் சொன்னேன். பிள்ளைகளிடம்கூட, படிப்புக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அவளைத்தான் சொல்வேன். கொஞ்சம் கொஞ்சமாக நான் கணக்குப் போடுவதையும் விட்டுவிட்டேன். மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை, விடை காண்பது அவள் வேலை. ஒன்பது வருஷம்.

1965 அக்டோபர் சேலில் எட்டாவது புத்தகம் கிடைத்தது. பச்சை அட்டை, அழுக்கு கடைசிவரை சீராக இருந்தது. அறைக்கு வந்து பிரித்தபோதுதான் அக்கா கவனித்தாள்.

"டீச்சர், இதுல விடையே இல்ல."

"நல்லதாப் போச்சு. தைக்கிற வேலை மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. கடைசிப் பாரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

முதல் கணக்கு படி ஏறுவது. ஒரு நேரத்தில் ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம் என்றால், பத்துப் படியை எத்தனை விதமாக ஏறலாம்? லைப்ரரி வாசலிலும் கற்படி பத்துதான். நான் சொல்லிவிட்டு அவள் வரிக்காகக் காத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை கண் வலி என்றாள். அதற்கடுத்ததும் அப்படியே. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டாள். ஏழாவது புத்தகத்தில் மிச்சம் இருந்தவற்றுக்கு மட்டும் பழையபடி வரி வந்தது. பச்சைப் புத்தகத்துக்கு வரவேயில்லை. வயதாகிறது, பாவம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

அக்கா இறந்த எட்டாம் நாள் பூசை முடிந்ததும் பரமானந்தம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா புஸ்தகம் பூராவும் டீச்சருக்குத்தான்னு சொல்லிக்கிட்டே கெடக்கும். நீங்களே வச்சுக்கங்க."

திறக்காதீங்க என்று அவள் சொன்னது நினைவிருந்தது. இனி யாருக்காகத் திறக்காமலிருப்பது?

எட்டுப் புத்தகங்களும் இருந்தன. நாங்கள் முடித்த ஆறு புத்தகங்களின் விடைப் பாரங்களை ஒரு நாடாவால் கட்டி வைத்திருந்தாள். ஏழாவதின் பாரம் தனியாக இருந்தது. சிவப்பு நூல் அப்படியே, கையெழுத்துப் போட்ட துண்டு அப்படியே. 'சிவபாக்கியம்' என்று நான் எழுதியதன் கீழே, எறும்பு ஊர்ந்தது மாதிரி 'ஜோசப்பின்'. செய்தி கேட்ட நாளிலிருந்து வராத அழுகை அதைப் பார்த்ததும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பினேன். முதுகுப் பக்கம், மடிப்பின் நெடுக, மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. மடிப்பு இற்றுப்போன பாரத்துக்கு அவள் வழக்கமாகச் செய்யும் ஒட்டு. ஆனால் அந்தப் புத்தகம் ஒன்றும் பழையது இல்லை. தாளின் ஒரு முனை பசை பிடிக்காமல் எழும்பியிருந்தது. இழுத்தேன். மடிப்பு கத்தியால் கீறப்பட்டிருந்தது. மூன்று பக்கமும் தைத்த பாரம் நாலாவது பக்கத்தில் பை மாதிரி வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது.

அதில், எழுத்தை எழுத்தாக அல்லாமல் படம் மாதிரி பார்த்து வரைந்த ஆங்கில வாக்கியம் ஒன்று, பென்சிலில். அது அக்காவின் கை. அதன் கீழே மையால் தமிழ் அர்த்தம். அந்தக் கையெழுத்தும் எனக்குத் தெரியும், லைப்ரரி கிளார்க் சுவாமிநாதனுடையது. அந்தத் தமிழ் வாக்கியம் இந்த வருஷம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் ஊசியில் நூலை இழுத்துக்கொண்டே எனக்குச் சொன்ன அதே வரி. சொல்கூட மாறவில்லை. விடைப் பக்கத்தின் ஓரத்தில் நீலமாகக் கட்டைவிரல் தடம் இருந்தது.

நாடாவை அவிழ்த்து மற்ற ஆறு பாரங்களையும் திருப்பினேன். ஆறிலும் அதே ஒட்டு. ஒவ்வொரு முறையும் என் முன்னால் அவள் நூலை அறுத்துப் பிரித்துக் காட்டியபோது, எங்கள் விடைகள் எல்லாம் சரி என்று நான் கைதட்டியபோது, அந்த ஒட்டு என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. புத்தகம் தைப்பவளின் கையில் ஒட்டுப் போட்ட மடிப்பை யார் சந்தேகப்படுவார்கள்? கீறியதை ஒட்டாமல் விட அவளுக்கு மனம் வராது. திருட்டிலும் வேலை சுத்தம்.

மறுநாள் சுவாமிநாதனிடம் போனேன். சீட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எத்தனை வருஷமா நடக்குது சார்?"

"மொதல்லருந்தே டீச்சரம்மா. நீங்க விடை கண்டுபிடிச்சு விளக்கிச் சொல்லுவீங்களாம். அந்தம்மாவுக்கு ஒண்ணும் வெளங்காதாம். வெளங்கலைன்னு சொன்னா அடுத்த வாரம் வரமாட்டீங்களோன்னு பயம். ஒருதடவ பாத்துக்கிட்டா சேர்ந்து பேசலாமேன்னு வந்து கேட்டுச்சு. வெளையாட்டுத்தானன்னு எழுதிக் குடுத்தேன்."

"நான் எம்.ஏ.க்குப் போகலைன்னு சொன்னது?"

"தெரியும். அன்னைக்கு இங்க வந்து நின்னு அழுதுச்சு. வெரசாப் போயி சொல்லிரும்மான்னேன். சொல்றேன்னுச்சு."

"சொல்லலை."

"சொல்லல போல."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"பொம்பளைங்க ரெண்டு பேருக்குள்ள நடக்குறது. எனக்கு எதுக்குங்க அந்தச் சோலி?"

சீட்டைத் திருப்பித் தரட்டுமா என்பதுபோல் என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொண்டேன்.

கல்லறைக்குப் போகவில்லை. வழியில்தான் இருக்கிறது, தாண்டி வந்துவிட்டேன். தனிமைக்குப் பயந்து ஒரு வரி பொய் சொன்னதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நூறு வரி சொன்னதையும் எப்படியோ புரிந்துகொள்ளலாம். பசை கருகிய அந்தச் சனிக்கிழமையைத்தான் முடியவில்லை. அன்று அவள் வாயைத் திறந்திருந்தால் என் வாழ்க்கை வேறு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் புதிதாக மாவு கரைத்தாள். அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம், வாரா வாரம், என்னை முட்டாள் என்று நான் நம்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டும்போதும் அவளுக்குப் பெட்டியைப் பற்றித்தான் கவலை.

பெட்டியின் அடியில், பச்சைப் புத்தகத்துக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் 'படி 10' என்று அவள் கை. அதற்கு மேல் பார்க்காமல் மூடி வைத்தேன்.

பிறகு ஒரு காகிதம் எடுத்து நானே உட்கார்ந்தேன். ஒரு படிக்கு ஒரு விதம். இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. நான்குக்கு ஐந்து. ஐந்துக்கு எட்டு வந்தபோது கையை நிறுத்தினேன். கடைசித் தப்படி ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருக்க முடியும். ஒன்றானால் அதற்கு முன் ஒன்பது படி ஏறியாகிவிட்டது, இரண்டானால் எட்டு. ஆகவே பத்துப் படிக்கான வழிகள், ஒன்பதுக்கானதும் எட்டுக்கானதும் சேர்ந்த தொகை. பதின்மூன்று, இருபத்தொன்று, முப்பத்துநான்கு, ஐம்பத்தைந்து, எண்பத்தொன்பது. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. சரிதானா என்று பார்க்கக் கடைசிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஏன் சரி என்று எனக்குத் தெரிந்ததால் பார்க்க வேண்டியும் இல்லை. முப்பத்தைந்து வயது. யாரும் வரி எடுத்துக் கொடுக்காமல் நான் போட்ட முதல் கணக்கு, 1957க்குப் பிறகு.

அதன்பின் நோட்டைத் திறந்தேன். சூத்திரம் இல்லை, வழி இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு விதமாக எழுதி எழுதிப் போயிருக்கிறாள். முதல் வரியில் பத்து ஒன்றுகள். அடுத்ததில் எட்டு ஒன்றுகள், கடைசியில் ஒரு இரண்டு. அதிலிருந்து எதையும் தாண்டாமல், ஒழுங்கு மாறாமல் இறங்கி வருகிறது. அந்த ஒழுங்கை அவளுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அந்தப் புத்தகத்தில் விடை இல்லை. ஒரு சனிக்கிழமை இதை எடுத்து என் முன்னால் வைத்திருக்கலாம்.

ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். தவறு இல்லை. திரும்ப வந்தது இல்லை, விட்டுப்போனதும் இல்லை. எண்பத்தொன்பதில் அறுபத்தெட்டு வரி முடிந்திருக்கிறது. அறுபத்தொன்பதாவது வரி இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஐந்தாவது படியில் நிற்கிறது. மேலே ஐந்து படி எழுதப்படவில்லை.